ஒரு நிபந்தனை வங்காலைக்கு வந்த வழி

களவுக் காப்புறுதிப் பத்திரத்தில் ஒரு நிபந்தனை இருக்கும். கொழும்பில் வாங்கினாலும், மன்னார்ப் பட்டினத்தில் வாங்கினாலும், கடலுக்கு அப்பால் இராமநாதபுரத்தில் வாங்கினாலும் வாசகம் கொஞ்சம் முன்பின்னாக இருக்குமே தவிரப் பொருள் பெரும்பாலும் ஒன்றுதான். கள்ளன் கட்டடத்துக்குள் பலாத்காரமாக உடைத்துப் புகுந்திருக்க வேண்டும். அல்லது உள்ளே ஒளிந்திருந்து உடைத்துக்கொண்டு வெளியேறியிருக்க வேண்டும். உடைத்ததற்குக் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளமும் வேண்டும். அடையாளம் இருந்தால் நட்டஈடு உண்டு. இல்லாவிட்டால், பொருள் போனது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் கம்பனி கைவிரித்துவிடலாம்.

இந்த நிபந்தனைக்கு வயது நூற்றிருபதுக்கும் மேல். செங்கல்லால் கட்டிய லண்டன் கடைத்தெருக்களில் பிறந்தது. அது இன்று வந்து நிற்கும் இடங்களில் ஒன்று வங்காலை. மன்னார்த் தீவிலிருந்து தாம்போதியைக் கடந்து, தள்ளாடியில் தெற்கே திரும்பிப் போனால் வரும் கடற்கரை ஊர் அது. புனித ஆனாள் ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த கத்தோலிக்க மீனவர் ஊர். ஒரு பக்கம் கடல். மறுபக்கம், 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்ட களப்பும் உப்புத்தரையும். இந்த ஊரில் ஒருவர் போட்ட முதல் எங்கே கிடக்கிறது? பாதி பூட்டிய கடைக்குள் இருக்கிறது. மீதி கரையில் இருக்கிறது: கிடுகு வாடியில், காயப்போட்ட வலையில், வள்ளத்தின் பின்புறம் மாட்டிய எஞ்சினில். அந்த நிபந்தனை எந்தச் சுவரை மனதில் வைத்து எழுதப்பட்டதோ, அந்தச் சுவர் இங்கே எல்லா இடத்திலும் இல்லை. அதனால்தான் அது வந்த வழியை முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

திருட்டுப் போன பொருளுக்கு ஈடு கொடுக்கும் ஏற்பாடு நம் பக்கத்தில் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. சோழ, பாண்டிய காலத்துக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற வரி வருகிறது; ஊரைக் காப்பதற்காகக் குடிகள் செலுத்தியது. பாளையக்காரர் காலத்தில் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் அது தலக்காவல், திசைக்காவல் என்று விரிந்தது. ஊரார் விளைச்சலில் ஒரு பங்கையோ பணத்தையோ காவல்காரருக்குக் கொடுப்பார்கள். களவு போனால் அவர் பொருளைத் தேடி மீட்டுத் தர வேண்டும். மீட்க முடியாவிட்டால் அதன் பெறுமதியைத் தன் கையிலிருந்து ஈடு செய்ய வேண்டும். காவல் கூலி கொடுக்காதவனின் மாடு காணாமற் போவதும், அதைக் கண்டுபிடித்துத் தரத் துப்புக்கூலி கேட்பதுமாக இந்த ஏற்பாடு பல இடங்களில் கெட்டுப்போனது உண்மை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பனி ஆட்சி இதை ஒழிக்கச் சட்டம் போட்டது. ஆனாலும் தென்மாவட்டங்களில் அது நெடுங்காலம் ஓயவில்லை. அதன் குறைகளை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காவல் கேட்ட கேள்வி எளிமையானது: என் எல்லைக்குள் போனதா? களத்தில் கிடந்த நெல்லும் மேய்ச்சலில் நின்ற மாடும் அதற்குள் அடங்கின. எந்தக் கதவு உடைந்தது என்று அது கேட்டதில்லை.

வங்காலைக்குத் தெற்கே அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் பாதுகாப்பு என்றால் காவல்தான். சிப்பிகளைக் கோட்டு எனப்பட்ட வேலியடைப்புக்குள் குவித்து எண்ணிப் பங்கு பிரித்து, அரசின் பங்கை அன்று மாலையே ஏலம் விடுவார்கள். ஏலத்தில் எடுத்த வியாபாரி, சிப்பி அழுகி முத்துக் கழன்று வரும்வரை தன் அடைப்பைத் தானே கண்விழித்துக் காக்க வேண்டும். ஒரு கூலியாளின் வாய்க்குள்ளோ வேட்டி மடிப்புக்குள்ளோ அவருடைய முழு ஆதாயமும் போய்விடலாம். 1905ஆம் ஆண்டின் பெரும் முத்துக்குளிப்பிலும் இதுதான் நடைமுறை.

இங்கிலாந்தில் வேறு வழியில் யோசித்தார்கள். காவல்காரனுக்குப் பதில் பூட்டை நம்பினார்கள். 1817இல் போட்ஸ்மத் கப்பல் துறையில் கள்ளச்சாவி போட்டு ஒரு களவு நடந்தது. கள்ளச்சாவியால் திறக்க முடியாத பூட்டுக்கு அரசு பரிசு அறிவிக்க, ஜெரமையா சப் என்பவர் 1818இல் தன் பூட்டுக்குக் காப்புரிமை பெற்றார். யாராவது திறக்க முயன்றால் உள்ளே சிக்கிக்கொண்டு உரிமையாளருக்குக் காட்டிக்கொடுக்கும் பூட்டு அது. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர் அதைத் திறந்தே காட்டினார். திறக்கவே முடியாது என்று கடை யன்னலில் சவால் விட்டு வைத்திருந்த பிராமா பூட்டையும் பல நாள் உழைத்துத் திறந்தார். 1865இல் லண்டன் கோர்ன்ஹில்லில் ஒரு நகைக்கடையின் இரும்புப் பெட்டியைக் கள்ளர் உடைத்துக் காலி செய்தபோது, கடைக்காரர் பெட்டி செய்த கம்பனி மீதே வழக்குப் போட்டார். வழக்கில் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. அப்போது அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. தீக்குக் காப்புறுதி இருந்தது, கப்பலுக்கு இருந்தது, உயிருக்கு இருந்தது. களவுக்கு மட்டும் இல்லை.

அதைத் தொடங்கியவர் கத்பேட் ஹீத். 1859இல் பிறந்தவர், காது சரியாகக் கேட்காததால் கடற்படைக் கனவை விட்டு லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தைக்கு வந்தவர். அந்தச் சந்தை அதுவரை பெரும்பாலும் கப்பலையும் சரக்கையுமே அறிந்திருந்தது. 1880களின் பிற்பகுதியில், தன் உடைமைகளுக்குத் தீக்காப்புறுதி எடுக்க வந்த ஒருவர் களவையும் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டதாகவும், ஹீத் ஏன் முடியாது என்று திருப்பிக் கேட்டுக் கையெழுத்து வைத்ததாகவும் சொல்வார்கள். பின்னர் நகை வியாபாரிகளின் சரக்குக்கும் அவர் காப்புறுதி கொடுத்தார். 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தின்போது, பத்திர வாசகத்தைப் பார்க்காமல் தம் காப்புறுதியாளர் எல்லோருக்கும் முழுத்தொகையும் கொடுக்கும்படி தந்தியடித்தவரும் இவரே. களவுக் காப்புறுதி இப்படிப்பட்ட தாராளமான மனிதரின் கையில் பிறந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும். நிபந்தனைகள் பின்னால் வந்து சேர்ந்தவை.

வந்து சேர்வதற்கு ஒரு காரணம் இருந்தது. கடையில் பொருள் குறைவதற்கு ஆயிரம் வழி உண்டு. வேலைக்காரப் பையன் எடுத்திருக்கலாம், வாடிக்கையாளர் மடியில் கட்டிக்கொண்டு போயிருக்கலாம், கணக்கில் பிழை இருக்கலாம், எலி தின்றிருக்கலாம். முதலாளியே ஒளித்து வைத்துவிட்டுக் கள்ளன் வந்தான் என்று சொல்லவும் கூடும். ஏழு கடல் தள்ளியிருக்கும் கம்பனி இவற்றுக்குள் எதை நம்புவது? உடைந்த பூட்டும் நெளிந்த கம்பியும் பொய் சொல்வது அரிது. ஆகவே உடைப்பையே சாட்சியாகக் கேட்டார்கள். இது நியாயமான யோசனைதான். சாட்சியாகத் தொடங்கியது போகப்போக உரிமையின் எல்லைக்கோடாக ஆனதுதான் பிரச்சினை.

அந்தக் கோட்டை ஆழமாக இழுத்தது 1899இல் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வந்த, ஜோர்ஜ் என்ற கடைக்காரரின் வழக்கு. அவருடைய கடையின் முன்கதவு சாத்தியிருந்தது, பூட்டியிருக்கவில்லை. கள்ளன் கைப்பிடியைத் திருப்பி உள்ளே வந்தான். உள்ளே பூட்டியிருந்த கண்ணாடிப் பெட்டியை உடைத்துப் பொருளை எடுத்துக்கொண்டு போனான். பத்திரம் சொன்னது, கட்டடத்துக்குள் உண்மையாகப் பலாத்காரமும் வன்முறையும் கொண்டு புகுந்ததைத் தொடர்ந்து நடந்த களவு என்று. பெட்டியை உடைத்தது வன்முறைதானே என்றார் கடைக்காரர். வன்முறை நடந்தது பெட்டியில். கட்டடத்துக்குள் வந்தபோது நடக்கவில்லை என்றது நீதிமன்றம். நட்டஈடு இல்லை. தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகு, 1989இல், டைனோ சர்வீசஸ் வழக்கு வந்தது. வாகனத் திருத்தகம் நடத்திய ஒருவரின் சாவிக்கொத்தைக் கள்ளர் திருடி, அதே சாவியால் திருத்தகத்தைத் திறந்து வாகனங்களையும் கருவிகளையும் கொண்டுபோனார்கள். சாவியைத் திருப்புவதில் பலம் இருக்கிறது, வன்முறை இல்லை என்று அங்கேயும் முடிந்தது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் உலகம் எவ்வளவோ மாறிவிட்டது. நிபந்தனை மட்டும் அசையவில்லை.

இந்தக் காலத்தில்தான் அது கடல் கடந்தது. இலங்கைக்குக் காப்புறுதி வந்தது தோட்டங்களோடு. கோப்பியும் தேயிலையும் ஏற்றுமதி செய்த கொழும்பு முகவர் நிறுவனங்களே பிரித்தானியக் காப்புறுதிக் கம்பனிகளுக்கும் முகவர்களாக இருந்தன. பத்திரம் ஆங்கிலத்தில் அச்சாகி வந்தது. கோட்டைப் பண்டகசாலைகளுக்கும் புறக்கோட்டைக் கடைகளுக்கும் அது பொருந்தியது. 1961ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தால் அரச காப்புறுதிக் கூட்டுத்தாபனம் உருவாகி, 1964இல் பொதுக் காப்புறுதி முழுவதும் அதன் கைக்குப் போனது. 1986இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தனியார் கம்பனிகள் திரும்பி வந்தன. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மேற்பார்வைச் சபை வந்தது. இன்று அது இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. உரிமையாளர் கை மாறிக்கொண்டே இருந்தது. நிபந்தனை கைமாறிய ஒவ்வொரு முறையும் அப்படியே பிரதி எடுக்கப்பட்டது.

ஆனால் இந்த நாட்டில் கடைகளுக்கு வந்த பெரிய அழிவு இரவில் தனியே வரும் கள்ளனால் வந்ததல்ல. 1983 யூலையில் கொழும்பிலும் தெற்கிலும் மலையகத்திலும் தமிழர் கடைகள் பட்டப்பகலில் உடைக்கப்பட்டன, சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. உடைப்புக்கு அடையாளம் வேண்டுமென்றால் தெரு முழுவதும் இருந்தது. ஆனால் களவுக் காப்புறுதிப் பத்திரம் கலவரத்தையும் உள்நாட்டுக் குழப்பத்தையும் விலக்கி வைத்திருக்கிறது. அதற்குத் தனிச்சேர்க்கை வாங்க வேண்டும். அந்த அனுபவத்துக்குப் பின் 1980களின் பிற்பகுதியில் வேலைநிறுத்தம், கலவரம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கென்று அரசு ஒரு நிதியத்தை அமைத்தது. 2006இன் சட்டத்தின் கீழ் உருவான தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இன்று அதைப் பொறுப்பேற்றிருக்கிறது. கடைக்காரர் மேலதிகக் கட்டணம் செலுத்தி இந்தச் சேர்க்கையைத் தன் பத்திரத்தோடு இணைக்கலாம். 2019 மேயில் மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம் கடைகள் தாக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் இந்தச் சேர்க்கையின் அருமையை அறிவார்கள்.

சேர்க்கையாலும் தாண்ட முடியாத ஒன்று உண்டு: போர். போரும் உள்நாட்டுப் போரும் எந்தக் கடைப் பத்திரத்திலும் விலக்கு. மன்னார் மாவட்டத்தின் கதையில் பெரும்பகுதி அந்த விலக்குக்குள்தான் கிடக்கிறது. 1985 சனவரி 6ஆம் திகதி வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் இராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியிலிருந்து போனவர்கள் தலைமுறைகளாய்ச் சேர்த்த வீட்டையும் கடைச் சரக்கையும் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. 2006 யூனில் வங்காலையில் ஒரு வீட்டில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என நால்வர் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு ஊரிலிருந்து பலர் படகேறித் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். அப்படிப் போகிறவர் கடையைப் பூட்டிவிட்டுத்தான் போகிறார். திரும்பி வரும்போது கதவு இருப்பதில்லை; கதவோடு நிலையும், கூரையோடு ஓடும் மரமும் போயிருக்கும். வடக்கில் இடம்பெயர்ந்த எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். உலகத்தில் இதைவிடப் பெரிய வீடுடைப்பு இல்லை. ஆனால் இந்த இழப்பைத் தாங்கும் காப்புறுதியை எந்தக் கம்பனியும் எழுதுவதில்லை. இதை ஈடு செய்யும் கடமை அரசுடையது. அந்தக் கடமை இன்னும் நிறைவேறவில்லை என்பதே என் எண்ணம்.

அமைதிக் காலத்துக்கும் இதே குணமுள்ள ஒரு சிறிய விதி பத்திரத்தில் இருக்கிறது. கட்டடம் குறித்த நாட்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பு நின்றுவிடும். சில பத்திரங்களில் 7 நாள், சிலவற்றில் 30 நாள். வங்காலையில் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். ஆவணி மாதத்தில் மடுமாதா திருவிழாவுக்குக் குடும்பமாகப் போய்க் கூடாரம் போட்டு நவநாள் முழுதும் தங்குகிறவர்கள் உண்டு. கடைக்குப் பின்னாலேயே குடியிருக்கும் முதலாளி அப்படி ஒன்பது நாள் போனால், பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் பத்திரம் வலுவிழந்திருக்கலாம். போகுமுன் கம்பனிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அல்லது நம்பிக்கையான ஒருவரை இரவில் படுக்க விட வேண்டும்.

போர் முடிந்து, வீதி திருத்தி, மின்சாரம் வந்து, வங்கிக் கடனும் வந்த பிறகே களவுக் காப்புறுதி இந்தக் கரையூர்களுக்குள் மெல்ல நுழைந்தது. கடன் கொடுக்கும் வங்கி அடகு வைத்த சரக்குக்குக் காப்புறுதி கேட்கும், முகவர் வருவார். பெரும்பாலும் தெரிந்த பிள்ளையாகவே இருப்பார். "அண்ணன், இதில ஒரு கையெழுத்து வையுங்கோ, மிச்சத்த நான் நிரப்புறன்" என்பார். அந்த மிச்சத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சுவர் எதனால் ஆனது, கூரை ஓடா தகரமா, பின்கதவுக்கு உள்தாழ்ப்பாள் உண்டா, இரவில் யார் இருக்கிறார்கள், முன்பு களவு நடந்திருக்கிறதா என்று முன்மொழிவுப் படிவம் கேட்கும். காப்புறுதி முழு நம்பிக்கையின் மேல் நிற்கும் ஒப்பந்தம். இங்கிலாந்தில் மான்ஸ்பீல்ட் பிரபு 1766இல் சொன்ன கோட்பாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. தகரச் சுவரைக் கல்சுவர் என்று முகவர் எழுதிவிட்டால், மூன்று வருடம் கட்டிய பணம் கள்ளன் வந்த அன்று பயனில்லாமல் போகும். கையெழுத்துக்குச் சொந்தக்காரர் முதலாளி, முகவர் அல்ல.

அடுத்தது தொகை. 60 இலட்சம் ரூபா சரக்குள்ள கடையை 30 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்து, 8 இலட்சத்துப் பொருள் களவு போனால் 8 இலட்சமும் கிடைக்கும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கிடைப்பது 4 இலட்சம். பாதிக்கே காப்புறுதி செய்ததால் இழப்பிலும் பாதியை முதலாளியே தாங்க வேண்டும் என்பது விகித விதி. 2022இல் இந்த விதி இலங்கைக் கடைக்காரர் அனைவரையும் சத்தமில்லாமல் தொட்டது. ரூபா சரிந்து, அந்த செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி பணவீக்கம் கிட்டத்தட்ட 70 வீதத்தை எட்டியது. அதே அளவு சீனி, அதே நைலோன் வலை, அதே பற்றரி. பெறுமதி மட்டும் எங்கோ போய்விட்டது. பழைய தொகையிலேயே பத்திரத்தைப் புதுப்பித்தவர்கள் அறியாமலே அரைக்காப்பில் நின்றார்கள். இதற்கு ஒரு மாற்று உண்டு, அதிகம் பேர் கேட்பதில்லை: முழுச் சரக்கையும் ஒரே இரவில் யாரும் தூக்கிப் போக முடியாது என்பதால், மொத்தப் பெறுமதியை உண்மையாக அறிவித்துவிட்டு, போகக்கூடிய உச்ச அளவுக்கு மட்டும் காப்புறுதி செய்வது. முதல் இழப்பு முறை என்பார்கள். அரிசி மூடைகளும் சீமெந்தும் நிறைந்த கடைக்கு அது பொருந்தும். தொலைபேசிக் கடைக்குப் பொருந்தாது. அங்கே முழுக் கடையையும் இரண்டு பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம்.

காசு வேறு கணக்கு. மேசை லாச்சிக்குள் இரவில் விட்ட காசுக்குப் பொதுவாகக் காப்பு இல்லை. இரும்புப் பெட்டிக்குள் இருக்க வேண்டும், பெட்டியின் சாவி அதே கட்டடத்துக்குள் இருக்கக் கூடாது. மீன் ஏற்றி அனுப்பிய காசை மன்னார் வங்கிக்குக் கொண்டுபோகும் வழியில் பறித்தால் அதற்குப் பணக் காப்புறுதி தனி. கடைப் பையனே எடுத்தால் அதற்கு ஊழியர் நம்பிக்கைக் காப்புறுதி தனி. ஆனால் கள்ளன் உடைத்த கதவு, நெளித்த உருட்டுக் கதவு ஆகியவற்றைத் திருத்தும் செலவு பெரும்பாலும் களவுக் காப்புறுதிக்குள்ளேயே அடங்கும். இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறவர்கள் பலர்.

களவு நடந்த காலையில் நம்மவர் முதலில் செய்வது கூட்டிப் பெருக்கிப் புதுப் பூட்டு வாங்கி மாட்டுவது. செய்யக் கூடாதது அதுதான். அறுந்த ஆமைப்பூட்டும் வளைந்த கொண்டியும் கிடந்தபடியே கிடக்க வேண்டும். படம் எடுக்க வேண்டும். பொலிஸில் முறைப்பாடு கொடுத்து அதன் பிரதியை வாங்க வேண்டும். கம்பனிக்கு அன்றே சொல்ல வேண்டும். பிறகு இழப்பு மதிப்பீட்டாளர் வந்து கொள்வனவுப் பற்றுச்சீட்டுகளையும் இருப்புப் புத்தகத்தையும் கேட்பார். கொப்பியில் பென்சிலால் எழுதிய கடன் கணக்கை மட்டும் வைத்திருக்கும் கடைக்கு அங்கேதான் இழப்புத் தொடங்கும். புத்தகங்களைக் கடைக்குள் வைக்காமல் வீட்டில் வைப்பதும், மாதத்தில் ஒருமுறை அலுமாரிகளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும் செலவில்லாத வேலை. காப்புறுதிக்காரர் பணம் கொடுத்த பிறகு பொலிஸார் பொருளைக் கண்டுபிடித்தால் அது கம்பனிக்குச் சேரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

திருச்சியில் 2019 ஒக்டோபர் 2ஆம் திகதி அதிகாலை, சத்திரம் பேருந்து நிலையப் பக்கத்து லலிதா ஜுவல்லரியில் முகமூடி போட்ட இருவர் பின்சுவரைத் துளைத்து நுழைந்து, சுமார் 13 கோடி இந்திய ரூபாய் பெறுமதியான நகைகளைக் கொண்டுபோனார்கள். சுவரில் துளை, உள்ளே கமராப் பதிவு. ஹீத்தின் காலத்து வழக்கறிஞர் யாரும் அதைப் பலாத்கார நுழைவு இல்லை என்று வாதிட மாட்டார். இப்படிப் பெரிய கடைக்கு, பெரிய சுவருக்கு, இந்த நிபந்தனை எந்தத் தொல்லையும் தருவதில்லை. தொல்லை எல்லாம் சிறிய கடைக்கே. ஓட்டைப் பிரித்து இறங்கி, திரும்ப அடுக்கிவிட்டுப் போன களவு, பின்கதவின் தாழ்ப்பாளைக் கம்பியால் நெம்பித் திறந்து கீறலில்லாமல் மூடிய களவு, கள்ளச்சாவிக் களவு. அடையாளம் மெல்லியதாக இருக்கும்போது சுமை முழுவதும் முதலாளி தலையில் விழுகிறது.

இந்திய உச்ச நீதிமன்றம் 2004இல் ஹர்சந்த் ராய் வழக்கில் இதே நிபந்தனையை எடுத்து ஆராய்ந்தது. பத்திரத்தில் எழுதியது எழுதியதுதான், பலாத்காரம் இல்லாத களவுக்கு ஈடு இல்லை என்று கம்பனி பக்கமே தீர்த்தது. ஆனால் அதோடு நிறுத்தவில்லை. சாதாரண மனிதர் தான் களவுக்குக் காப்புறுதி எடுத்ததாகவே புரிந்துகொள்கிறார், அதற்கு முன்னால் வன்முறை நடந்திருக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிவதில்லை, ஆகவே கம்பனிகள் தங்கள் பத்திரங்களை வாழ்க்கையின் நடைமுறைக்கு நெருக்கமாகத் திருத்த வேண்டும் என்று நீதிபதிகள் எழுதினார்கள். ஆண்டுகள் இருபது தாண்டிவிட்டன. 2016இல் இன்னொரு வழக்கிலும் அதே நிபந்தனை, அதே முடிவு.

நமக்கு வேண்டியது சில காரியங்கள். மேலதிகக் கட்டணத்துக்குப் பலாத்காரமில்லாத களவையும் சேர்த்துத் தரும் கம்பனிகள் உண்டு. முகவரிடம் அதை எழுத்தில் கேட்க வேண்டும், இல்லை என்றால் இல்லை என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். அந்த ஒரு நிபந்தனை பத்திரத்தின் முதல் பக்கத்தில், தமிழில், தடித்த எழுத்தில் இருக்க வேண்டும் என்று ஆணைக்குழு கட்டளையிட வேண்டும். ஆங்கிலத்தில் பதினோராம் பக்கத்தில் கிடப்பதை வங்காலையில் யார் வாசிப்பார்? மறுக்கப்பட்ட கோரிக்கையை எடுத்துக்கொண்டு காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். 2005இலிருந்து அந்த அலுவலகம் இயங்குகிறது. சிறிய கடைக்காரருக்கு வழக்கு மன்றத்தைவிட அது எட்டக்கூடியது.

கடைசியாக, கரை. வலைக்கும் எஞ்சினுக்கும் இந்தப் பத்திரத்தில் இடமே இல்லை, ஏனென்றால் மணலுக்குக் கதவு இல்லை. கிடுகு வாடியைக் கம்பனி கட்டடமாக ஏற்பது கடினம்; வள்ளத்தோடு மாட்டிய எஞ்சினுக்குப் படகுக் காப்புறுதியைத்தான் கேட்க வேண்டும், அதிலும் கரையில் கழற்றி வைத்த நேரத்துக்குக் காப்பு உண்டா என்று தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கடன்பட்டு வாங்கிய ஒரு எஞ்சின் ஒரு குடும்பத்தின் முழு முதல். அதைத் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துப் படுப்பதைத்தான் நம் மீனவர்கள் காப்பாக வைத்திருக்கிறார்கள். நான் கேட்பது இதைத்தான்: நிபந்தனைக்குச் சுவர் வேண்டுமென்றால் சுவரைக் கட்டுவோம். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் கரையோரமாக ஒரு சீமெந்து அறை கட்டி, இரும்புக் கதவு போட்டு, எஞ்சின்களை இலக்கமிட்டு ஏட்டில் பதிந்து வைத்து, இரவுக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு இருத்தினால், அந்த அறை முழுவதற்கும் சங்கத்தின் பெயரில் ஒரே பத்திரம் எடுக்கலாம். கட்டணத்தை எஞ்சினுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். அறையின் செலவுக்கு நானாட்டான் பிரதேச செயலகத்திலும் மீன்பிடித் திணைக்களத்திலும் விண்ணப்பம் கொடுக்கலாம். விண்ணப்பத்தோடு கம்பனியின் விலைமதிப்பையும் முன்கூட்டியே வாங்கி இணைத்தால் கேள்விகள் குறையும்.